பூவை அளப்பார்கள், பணத்தை எண்ணுவார்கள்

ஆங்கிலம் கற்பிக்கும் நம் வகுப்பறைகளில், ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடக்கூடிய விதிக்குத் தனி மரியாதை உண்டு. ‘எண்ண முடிந்தால் மெனி, எண்ண முடியாவிட்டால் மச்’ என்பது அப்படிப்பட்ட விதி. எண்ண முடிந்தால் ஃபியூ, முடியாவிட்டால் லிட்டில் என்பது அதன் உடன்பிறப்பு. தொடக்கப்பள்ளியிலேயே பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளும் இந்த வரி, போட்டித் தேர்வு வழிகாட்டிகள்வரை விடாமல் கூடவே வருகிறது. இப்போது அரை நிமிடத்தில் ஆங்கிலம் சொல்லித்தரும் காணொளிகளும் இதை எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரு கையில் ஆப்பிள், மறு கையில் தண்ணீர் டம்ளர். இதை எண்ணலாம், இதை எண்ண முடியாது, பாடம் முடிந்தது.

சில மாதங்களுக்கு முன் ஆசிரியர்கள் கூடிய அரங்கு ஒன்றில், நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆங்கில ஆசிரியர் இந்த விதிக்கு ஆதரவாகப் பேசினார். முதல் தலைமுறையாக ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். இந்த விதி அந்தக் கைப்பிடி. பெரும்பாலான சொற்களுக்கு இது பொருந்துகிறது. பொருந்தாதவற்றை விதிவிலக்கு என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைத்துவிடலாம். நுணுக்கமெல்லாம் கல்லூரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். அரங்கில் பலத்த கைதட்டல். நானும் அங்கே இருந்தேன். கைதட்ட முடியவில்லை. அன்று சொல்லாமல் வந்ததை இங்கே சொல்கிறேன்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. விதி எளிது, மறக்காது. புத்தகம், பேனா, நாற்காலி, பால், எண்ணெய், மணல் என்று வரிசையாகக் கேட்டால் பிள்ளைகள் சரியாகவே சொல்கிறார்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், நாற்பது நிமிடத்தில், ஒரு ஆசிரியர் எல்லாருக்கும் ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். இலவசக் காணொளிகளால் டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கொஞ்சம் எட்டியிருக்கிறது. இதையெல்லாம் மறுக்கவில்லை. என் மறுப்பு ஒரே இடத்தில்தான். அந்த இடம் சிறியதல்ல.

அந்தக் கூட்டம் முடிந்து சில நாட்களில், மதுரைப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பெண்ணின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் கவுண்டபிள், வலப்பக்கம் அன்கவுண்டபிள். கொடுக்கப்பட்ட சொற்களைப் பிரித்து எழுத வேண்டும். புக், சேர், எக் எல்லாம் இடப்பக்கம், மில்க், ஆயில், சுகர் வலப்பக்கம், எல்லாம் சரி. இரண்டு இடத்தில் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி. ஃப்ளவர் என்பதை வலப்பக்கம் எழுதியிருந்தாள். பணத்துக்கான ‘மணி’யை இடப்பக்கம் எழுதியிருந்தாள்.

ஏம்மா இப்படி எழுதினே என்று கேட்டேன். “எங்கம்மா பூ விக்கிறாங்க சார். பூவை யாரு எண்ணுவா? முழம் போட்டுத்தான் குடுப்பாங்க. உதிரிப்பூன்னா நிறுத்துக் குடுப்பாங்க. ராத்திரி உக்காந்து எண்ணுறது பணத்தைத்தான்.”

அந்தப் பிள்ளை விதியை மீறவில்லை. விதி சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள். எண்ண முடியுமா என்று பார் என்றது விதி, பார்த்தாள். அவள் வீட்டில் எண்ணப்படுவது எது, அளக்கப்படுவது எது என்று அவளைவிட அந்த வகுப்பில் யாருக்குத் தெரியும்? கண்ணால் கண்டதை நேர்மையாக எழுதியதற்குக் கிடைத்தது இரண்டு சிவப்புக் குறி. சரியாக எழுதிய மற்றப் பிள்ளைகள் ‘மணி’யை ஏன் வலப்பக்கம் போட்டார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். “டீச்சர் சொன்னாங்க” என்றார்கள். யோசித்தவள் தவறு, யோசிக்காதவர்கள் சரி. ஒரு விதி இந்த முடிவைத் தருமானால் அந்த விதியில்தான் கோளாறு.

கோளாறு இதுதான். எண்ண முடியும், முடியாது என்ற பிரிவினை ஆங்கிலத்தில் பொருள்களுக்கு உரியதல்ல, சொற்களுக்கு உரியது. நம் விதியோ பிள்ளையின் கண்ணைச் சொல்லிலிருந்து திருப்பிப் பொருளின் மேல் வைத்துவிடுகிறது. இலக்கணத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் உலகத்தைக் கேட்கச் சொல்கிறது. உலகம் அதற்குப் பதில் வைத்திருப்பதில்லை.

ஒரு அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பீரோ. சேர் எண்ணத்தக்கது, டேபிள் எண்ணத்தக்கது, கப்போர்டு எண்ணத்தக்கது. இந்த நாலையும் சேர்த்து ஃபர்னிச்சர் என்று சொன்ன மறுகணம் எண்ண முடியாததாகிவிடுகிறது. அறையில் எதுவும் நகரவில்லை. சொல் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஃபர்னிச்சர் என்று சொல்லும் ஆங்கிலேயன் மனத்தில் அவை உருகி ஒன்றாகிப் பாலைப்போல ஆகிவிடுவதும் இல்லை. டேவிட் பார்னர், ஜெஸ்ஸி ஸ்னெடெகர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2005இல் இதைச் சோதித்து எழுதினார்கள். யாரிடம் ஃபர்னிச்சர் அதிகம் என்று ஆங்கிலம் தாய்மொழியான பெரியவர்களிடமும் நாலு வயதுக் குழந்தைகளிடமும் கேட்டபோது, அவர்கள் உருவத்தின் பருமனைப் பார்க்கவில்லை; எத்தனை உருப்படி என்று எண்ணித்தான் சொன்னார்கள். ‘எண்ண முடியாத’ பெயருக்குரிய பொருளை அந்த மொழிக்காரர்களே எண்ணுகிறார்கள். அதை எண்ண முடியாது என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம்.

மற்ற மொழிகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிரெஞ்சில் மரச்சாமானுக்கு உரிய சொல் தடையில்லாமல் பன்மை ஏற்கும். தலைமுடியும் அங்கே பன்மைதான். ஜெர்மனிலும் இத்தாலியிலும் தகவல் என்ற சொல்லுக்குப் பன்மை உண்டு. ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போனதும் நாற்காலியின் இயல்பு மாறிவிடுகிறதா?

சிறிதாக இருப்பதால் எண்ண முடியாது, அதனால்தான் ரைஸ் அன்கவுண்டபிள் என்று விளக்குவார்கள். அதே தட்டில் சோற்றின் மேல் ஊற்றும் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லென்டில்ஸ் என்று ஆங்கிலம் அதைப் பன்மையாக்கி எண்ணுகிறது. பருப்பு என்ன, அரிசியைவிட அவ்வளவு பெரியதா? சாலைக்குக் கொட்டும் ஜல்லியை வாருங்கள். ஒவ்வொரு கல்லும் கட்டைவிரல் அளவு இருக்கும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரான கிராவல் எண்ணத்தகாதது. வீட் என்ற கோதுமை ஒருமை, ஓட்ஸ் பன்மை. இரண்டும் தானியம், இரண்டும் ஒரே அளவு மணி. அமெரிக்க மொழியியலாளர் லியோனார்டு புளூம்ஃபீல்டு 1933இலேயே இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, இலக்கணப் பிரிவுகளை உலகப் பொருளிலிருந்து வருவித்துவிட முடியாது என்று சொல்லிவிட்டார்.

பட்டாணியின் கதை இதைவிட அழகு. முற்கால ஆங்கிலத்தில் பட்டாணிக்கு ‘பீஸ்’ என்று பெயர். அரிசி, கோதுமைபோல அதுவும் திரளைக் குறித்த சொல்தான். கடைசியில் ஸகர ஒலி இருந்ததால், கேட்டவர்கள் அதைப் பன்மை விகுதி என்று எண்ணிக்கொண்டார்கள். அப்படியானால் ஒன்றுக்குப் பெயர் ‘பீ’யாகத்தானே இருக்க வேண்டும்? 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தச் சொல் பிறந்துவிட்டது. எண்ண முடியாததாக இருந்த பட்டாணி எண்ணத்தக்கதாயிற்று. செடியில் காய்த்த பட்டாணிக்கு ஒன்றும் நேரவில்லை. நியூஸ் என்ற சொல் எதிர்த்திசையில் போனது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது பன்மையாகவும் வழங்கியது; இன்று ஒருமையாகிவிட்டது. ஒரு மொழி தன் நீண்ட பயணத்தில் எடுத்துக்கொண்ட பழக்கங்கள் இவை. பழக்கத்தைப் பழக்கமாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். இயற்கை நியதி என்று சொல்லிக்கொடுத்தால் கேள்வி கேட்கும், அல்லது கேள்வி கேட்பதை நிறுத்திக்கொள்ளும். நம் வகுப்புகளில் நடப்பது இரண்டாவது.

இது தெரியாத விஷயமும் இல்லை. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஒருமை பன்மையைக் கட்டாயமாகக் காட்டாத மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களோடு பல ஆண்டுகள் பழகியவர். கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதையே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாக்கியது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்தில் சி, யு என்று அடையாளம் போட்ட அகராதி அது. ஒரே சொல்லுக்கு ஒரு பொருளில் சி, மற்றொரு பொருளில் யு என்று பிரித்தும் போட்டார்கள். பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அகராதியில் இருந்தால்தான் தெரியும் என்பதை உணர்ந்தவர் செய்த வேலை அது. அந்த அகராதியின் வழிவந்த பதிப்புகள் நம் பள்ளி நூலகங்களில் பூட்டிய பீரோவுக்குள் இருக்கின்றன. அந்தச் சி எதற்கு, யு எதற்கு என்று எந்த வகுப்பிலாவது ஒரு பீரியடு ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தார்களா? நான் படித்த காலத்தில் இல்லை. நான் போய்ப் பார்த்த பள்ளிகளிலும் இல்லை. 1930களில் வந்து இன்றும் நம் மேசைமேல் இருக்கும் ரென் அண்டு மார்ட்டின் இலக்கணத்தின் இப்போதைய பதிப்புகளோ, நாம் எண்ணக்கூடியவற்றின் பெயர், எண்ண முடியாதவற்றின் பெயர் என்றே பிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகின்றன.

இனி நான் ரொம்ப நாளாக மனத்தில் வைத்திருக்கும் குறைக்கு வருகிறேன். இந்த விதி தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும் என்பதையே மறந்துவிடுகிறது.

மச், மெனி என்ற வேறுபாடு புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றா? தமிழில் எத்தனை, எவ்வளவு என்று இரண்டு சொல் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைகூட எத்தனை பால் என்று கேட்காது, எவ்வளவு பால் என்றுதான் கேட்கும். எத்தனை ரூபாய் என்கிறோம், எவ்வளவு பணம் என்கிறோம். ஆங்கிலம் ரூபாய்க்கு மெனியும் பணத்துக்கு மச்சும் போடுவது இதே கணக்குதான். அந்தப் பூக்காரப் பெண்ணின் மகளிடம், “பணத்தை எத்தனைன்னு கேப்பியா, எவ்வளவுன்னு கேப்பியா?” என்று கேட்டேன். “எவ்வளவுன்னுதான் சார்” என்றாள். அப்ப ரூபாயை? “எத்தனை ரூபான்னு கேக்கலாம்.” ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எண்ண முடியுமா என்று கேட்டபோது தவறாக எழுதியவள், சொல்லைக் கேட்டபோது சரியாகச் சொல்லிவிட்டாள்.

பணம் என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. கம்பெனியார் காலத்துச் சென்னைப் பட்டணத்தில் பணம் என்பது ஒரு நாணயத்தின் பெயர். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அன்றைக்கு எத்தனை பணம் என்று கேட்பது இயல்பு. நாணயம் ஒழிந்தது, பெயர் எல்லாச் செல்வத்துக்கும் பொதுவாயிற்று, எத்தனை போய் எவ்வளவு வந்தது. ஆங்கிலப் பட்டாணிக்கு நடந்ததன் மறுபக்கம் நம் பணத்துக்கு நடந்திருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரியாதா? சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற பழமொழியை வகுப்பில் எழுதிப்போட்டுப் பாருங்கள். முதலில் வரும் சோறு திரள். பானை என்ற அளவை அதற்கு முன்னால் நிற்கிறது. இரண்டாவது சோறு ஒற்றைப் பருக்கை. ஒரே சொல், ஒரே பழமொழிக்குள், எண்ணத்தகாததாகவும் எண்ணத்தக்கதாகவும் நிற்கிறது. தமிழ் இதை அனுமதிக்கிறது. ஆங்கிலத்து ரைஸ் அனுமதிக்காது. ‘எ ரைஸ்’ என்று சொல்ல முடியாது, நடுவில் கிரெய்ன் என்று ஒரு சொல்லைச் செருக வேண்டும். காபிக்கு வந்தால் ஆங்கிலமும் தமிழ்போலவே நடந்துகொள்கிறது. ஹோட்டலில் “ரெண்டு காபி” என்று நாம் சொல்வதுபோல ‘டூ காஃபீஸ்’ என்று அவர்களும் சொல்கிறார்கள். சோற்றில் ஒரு வழி, காபியில் ஒரு வழி. பொருளைப் பார்த்தால் இது தலைகால் புரியாது. சொல்லை இன்னொரு சொல்லோடு வைத்துப் பார்த்தால் தெளிவு.

எத்தனை, எவ்வளவு என்ற தமிழ்ப் பிரிவினை எல்லா இடத்திலும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகாது. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் “லக்கேஜ் எத்தனை?” என்றுதான் கேட்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மெனி வராது. ஒத்துப்போகாத இந்த இடங்கள்தான் பாடத்தின் உயிர். தமிழர் ஆங்கிலம் பேசும்போதும் எழுதும்போதும் வரும் பிழைகளை எடுத்துப் பாருங்கள். ‘ஐ ஹாவ் எ வொர்க்’ என்பார்கள். தமிழில் ‘ஒரு வேலை இருக்கிறது’. ‘ஆன் இன்ஃபர்மேஷன்’ என்பார்கள். தமிழில் ‘ஒரு தகவல்’. ‘அட்வைசஸ்’ என்பார்கள், தமிழில் ‘அறிவுரைகள்’. ‘எ நியூஸ்’, தமிழில் ‘ஒரு செய்தி’. ‘ஹோம்வொர்க்ஸ்’, ‘லக்கேஜஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’ எல்லாம் இதே குடும்பம். தமிழில் ஒரு என்ற சொல் எங்கே இயல்பாக முன்னால் வந்து நிற்கிறதோ, ஆங்கிலத்தில் எங்கே அதற்கு இடமில்லையோ, பிழை சரியாக அங்கே விழுகிறது.

மறுபக்கம், ‘மெனி வாட்டர்’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையாவது எழுதி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ‘எ மில்க்’, ‘த்ரீ ஆயில்ஸ்’? நான் திருத்திய தாள்களில் அது அபூர்வம். தண்ணீர், பால், எண்ணெய், மணல் ஆகியவற்றில் இரண்டு மொழியும் ஒரே பாதையில் போகின்றன. அங்கே பிள்ளைக்கு விதியே தேவையில்லை.

ஆக, நம் விதி யாரும் தவறாத இடத்தில் சரியாக இருக்கிறது. எல்லாரும் தவறும் இடத்தில் தவறாக இருக்கிறது. தகவலை எண்ண முடியாதா? செய்தியை எண்ண முடியாதா? தலைப்புச் செய்திகளை ஒன்று, இரண்டு என்று தினமும் எண்ணித்தானே வாசிக்கிறார்கள்? வேலையை எண்ணித்தானே சொல்கிறோம்? விதியை நம்பிப் போகும் பிள்ளை இந்தச் சொற்கள் அத்தனையிலும் வழுக்கி விழும். கைப்பிடி என்றார் அந்த மூத்த ஆசிரியர். சமதளத்தில் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, படி வரும் இடத்தில் கழன்று விழும் கைப்பிடியை நான் கைப்பிடி என்று சொல்ல மாட்டேன்.

விதிவிலக்கு என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. பணம், வேலை, செய்தி, தகவல், அறிவுரை, சாமான், வீட்டுப்பாடம், முடி, அறிவு, உதவி. ஒரு மனிதன் ஒரு நாளில் திரும்பத் திரும்பப் பேசும் சொற்கள் இவைதான். இவற்றைக் கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டி, மனப்பாடம் செய் என்று விட்டுவிடுகிறோம். விதிக்குள் அடங்குபவை பாலும் மணலும். வாழ்க்கைக்கு வேண்டியதெல்லாம் விலக்குப் பட்டியலில் கிடக்கிறது.

பயிற்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடிட்ட இடத்தில் மச் அல்லது மெனி போடு என்ற வினாவில், ‘ஹி ஹாஸ் மச் மணி’ என்பது சரியான விடை. இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் அப்படி யாரும் பேசுவதில்லை. உடன்பாட்டு வாக்கியத்தில் ‘எ லாட் ஆஃப்’ என்பதுதான் வழக்கு. மச் பெரும்பாலும் எதிர்மறையிலும் கேள்வியிலும் வரும். நிறைய, கொஞ்சம் என்ற நம் சொற்களைப்போல இரண்டு வகைக்கும் பொருந்தும் ‘எ லாட் ஆஃப்’ ஒன்றை முதலில் கொடுத்திருந்தால் பிள்ளை தைரியமாக வாய் திறந்திருக்கும். நம் பாடத்தில் அது கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

ஃபியூ, எ ஃபியூ பற்றியும் ஒரு வார்த்தை. முன்னது இல்லை என்றே சொல்லலாம், பின்னது கொஞ்சம் உண்டு என்று அட்டவணை போடுகிறார்கள். பிறகு, ‘ஐ ஹாவ் டேஷ் ஃப்ரெண்ட்ஸ்’ என்று முன்னும் பின்னும் இல்லாத வாக்கியத்தைக் கொடுத்து ஒரே விடை கேட்கிறார்கள். சொல்பவர் வருந்துகிறாரா, ஆறுதல் கொள்கிறாரா என்று தெரியாமல் எதைப் போடுவது? ‘சில பேர் வந்தார்கள்’, ‘சில பேர்தான் வந்தார்கள்’ என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொன்னால் போதும். அந்தத் ‘தான்’ செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் எ இல்லாத வெறும் ஃபியூ செய்கிறது. இதைத் தமிழில் சொன்னால் ஆங்கில வகுப்பு கெட்டுவிடும் என்ற பயம் ஆசிரியர்களை எவ்வளவு காலமாகக் கட்டிப் போட்டிருக்கிறது!

தேர்வு என்ற கடைசி அரணுக்குள் புகுந்துகொண்டு, “மார்க் வாங்க இது போதும் சார்” என்பார்கள். சரி, மார்க் கிடைக்கிறது. அந்த மார்க்கோடு வெளியே போகும் பிள்ளை நேர்காணலில் ‘ஒன் இன்ஃபர்மேஷன், சார்’ என்று தொடங்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் தோன்றும் மாற்றத்தை யார் ஏற்பது? அந்தப் பிழை அந்தப் பிள்ளையுடையது அல்ல. எண்ணிப் பார் என்று நாம் சொன்னோம்; அவன் எண்ணினான். ஒரு தகவல், ஒன் இன்ஃபர்மேஷன். நாம் கொடுத்த விதிப்படி அவன் பேசியது சரி. பொய்யான விதியைத் தெரிந்தே கொடுத்துவிட்டு, பிறகு கல்லூரியில் திருத்திக்கொள்ளட்டும் என்று சொல்வது கற்பித்தல் ஆகாது. கல்லூரிக்கே போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு இந்தப் பொய்யே கடைசிப் பாடம்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். நாற்பது நோட்டைத் திருத்திவிட்டு ராத்திரி வீட்டு வேலையும் பார்க்கும் ஆசிரியைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பாடநூல் எழுத உட்காருபவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. காணொளி எடுப்பவர்களுக்கும் இல்லை. ஆப்பிளையும் டம்ளரையும் காட்டும் அரை நிமிடத்தில், ‘ஒரு வேலை’ என்பதையும் ‘வொர்க்’ என்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியாதா? அதற்கும் அதே அரை நிமிடம்தான் ஆகும்.

வேண்டியது பெரிய சீர்திருத்தம் இல்லை. ‘இதை எண்ண முடியுமா?’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘இந்தச் சொல்லுக்கு முன்னால் எ வருமா, பின்னால் எஸ் வருமா?’ என்ற கேள்வியை வைக்க வேண்டும். பதில் பொருளில் இருக்காது, அகராதியில் இருக்கும். தேடிப் பார்க்கச் சொல்லலாம். பிறகு கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகும் சொற்கள், வலப்பக்கம் பிரிந்துபோகும் சொற்கள் என்று பிள்ளைகளையே எழுதவைக்கலாம். இடப்பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வலப்பக்கத்தில் இருபது, இருபத்தைந்து சொல் சேர்ந்தால் அதிகம். ஒரு மாதத்துக்கு அதுவே பாடம். அந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் பீஸ், பிட், ஐட்டம் போன்ற துணைச் சொற்களும் அங்கேயே வந்துவிடும். முழத்தையும் கட்டையும் மூட்டையையும் கூறையும் தினமும் சந்தையில் பார்க்கும் பிள்ளைகளுக்கு அவை அந்நியமாக இருக்காது.

அன்று அந்தப் பள்ளியில் அப்படி ஒரு கோடு போட்டுப் பார்க்க ஆசிரியை சம்மதித்தார். பிரிந்துபோகும் பக்கத்தில் முதல் சொல்லாக வொர்க் வந்தது, பிறகு நியூஸ், பிறகு ஹேர். பூக்காரப் பெண்ணின் மகள் எழுந்து, “டீச்சர், பூவையும் அந்தப் பக்கம் எழுதணும்” என்றாள். ஏன் என்றார் டீச்சர். “நம்ம எவ்வளவு பூன்னு கேக்குறோம். இங்கிலீஷ்ல மெனி ஃப்ளவர்ஸ்.” ஆசிரியை கொஞ்ச நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஃப்ளவர் என்று எழுதினார்.